ஃபியூல் டேபிளைத் தொடும் முன் ரீடிங்கை விசாரியுங்கள்: வைட்பேண்ட் சென்சார் வைத்து டியூன் செய்யும் முறை

எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டியாயிற்று, லேப்டாப்பில் எண் ஓடுகிறது, இனி ஃபியூல் டேபிளில், அதாவது எந்த ஆர்பிஎம், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கும் அட்டவணையில், எண்களை ஏற்றி இறக்க வேண்டியதுதான் என்று பலரும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். கணக்கு உண்மையிலேயே எளிது, ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். திரையில் தெரியும் எண் டேபிளின் எந்தக் கட்டத்துக்கு உரியது, அதை நம்பலாமா என்பதுதான் கஷ்டமான பகுதி. டியூனிங்கில் பாதிக்கு மேல் இந்த விசாரணைதான் என்பது என் கருத்து. அதனால் இந்தக் குறிப்பிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ மாதிரி டேபிளை நாமே திறந்து மாற்றக்கூடிய இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), மேனிஃபோல்டு பிரஷரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டி முறை, பெட்ரோல் இன்ஜின். இவற்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சென்சார் எதைப் பார்க்கிறது என்று தெளிவாக இருக்க வேண்டும். இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போனது என்று அதற்குத் தெரியாது. எரிந்து வெளியே வந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா, பற்றாக்குறையா என்று மட்டும்தான் அது பார்க்கும், மற்றதெல்லாம் நாம் ஊகிப்பது. பல வண்டிகளில் கம்பெனியிலேயே வரும் நேரோபேண்ட் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும், 0.45 பக்கத்தில் சட்டென்று தாவும். கலவை ரிச்சா (பெட்ரோல் அதிகம்) லீனா (பெட்ரோல் குறைவு) என்று சொல்லுமே தவிர எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று சொல்லாது. ஃபுல் த்ராட்டிலில் நமக்கு வேண்டியதே அந்த 'எவ்வளவு' என்பதால் நேரோபேண்டை வைத்து டேபிள் முழுவதையும் டியூன் செய்ய முடியாது. போஷ் எல்எஸ்யூ 4.9 மாதிரி ஒரு வைட்பேண்டும் அதற்கான கன்ட்ரோலரும் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, ஏஎஃப்ஆரை (காற்று–எரிபொருள் எடை விகிதம்) விட்டுவிட்டு லாம்டாவில் (அந்த விகிதத்தைச் சரிசமக் கலவையின் விகிதத்தால் வகுத்த எண்) வேலை செய்யப் பழகுங்கள். சரிசமக் கலவை, அதாவது காற்றும் எரிபொருளும் மிச்சமில்லாமல் எரியும் அளவு, சுத்தமான பெட்ரோலுக்கு 14.7, பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் 14.1 அளவில் வரும், 85 சதவீதம் வரை எத்தனால் உள்ள இ85க்கு 9.8 பக்கம். ஆனால் பெரும்பாலான கேஜ்கள் லாம்டாவை அளந்து 14.7ஆல் பெருக்கித்தான் காட்டுகின்றன, டேங்கில் என்ன எரிபொருள் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. லாம்டா 1 என்றால் எந்த எரிபொருளுக்கும் சரிசமம், குழப்பமே இல்லை.

சென்சாரை மாட்டும் இடத்தில் அவசரப்பட வேண்டாம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும், டர்போ இருந்தால் டர்போவுக்குப் பிறகு, இல்லையென்றால் சூட்டிலேயே கெட்டுவிடும். பக்கவாட்டில் படுத்த மாதிரி மாட்டாமல் குறைந்தது 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள், பைப்பில் ஊறும் தண்ணீர் சென்சாருக்குள் இறங்கினால் சூடான செராமிக் விரிசல் விட்டுவிடும். கன்ட்ரோலருக்கு பவர் கொடுக்காமல் சென்சாரைச் சும்மா மாட்டி வைத்து இன்ஜினை ஓட்டக் கூடாது, ஹீட்டர் இல்லாத சென்சாரில் கரி படிந்துவிடும். சென்சாருக்கு முன்னால் எங்காவது கேஸ்கட் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ரீடிங் லீனாகக் காட்டும். ஐடிலில் இது மோசமாக இருக்கும், லோடு ஏறினால் குறைந்துவிடும். ஐடில் மட்டும் எப்போதும் லீன் என்று காட்டும் வண்டியில் டேபிளைத் தொடும் முன் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டுகளைப் பாருங்கள்.

கன்ட்ரோலரிலிருந்து 0–5 வோல்ட் அனலாக் வயர் வழியாக இசியூவுக்கு சிக்னல் கொண்டுவந்தால், எர்த் வித்தியாசம் ஒரு பெரிய தொல்லை. 0 வோல்ட்டுக்கு 10, 5 வோல்ட்டுக்கு 20 ஏஎஃப்ஆர் என்று அளவு வைத்திருந்தால் ஒரு வோல்ட்டுக்கு 2 ஏஎஃப்ஆர். எர்த்தில் 0.1 வோல்ட் தவறினால் ரீடிங் 0.2 தள்ளிப் போகும், அதுவும் ஃபேன், ஹெட்லைட் போடும்போதெல்லாம் மாறும். கேஜில் தெரிவதும் லாகில் (இசியூவின் தரவுப் பதிவில்) பதிவாவதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் கன்ட்ரோலரின் சிக்னல் எர்த்தை இசியூவின் சென்சார் எர்த்துக்கே கொண்டுபோங்கள், முடிந்தால் அனலாக்கை விட்டு கேன் பஸ் (டிஜிட்டல் இணைப்பு) வழியாக எடுங்கள்.

இனி டேபிளுக்கு வரும் முன் அடிப்படை எண்கள். இன்ஜெக்டரின் அளவு, ஃபியூல் பிரஷர், மேப் சென்சார் (மேனிஃபோல்டு பிரஷரை அளப்பது), காற்று மற்றும் கூலன்ட் வெப்ப சென்சார்களின் அளவீடு எல்லாம் சரியாக இருக்க வேண்டும், டைமிங் லைட் வைத்து இக்னிஷனைச் சரிபார்த்திருக்க வேண்டும். இவற்றில் பலர் கவனிக்காமல் விடுவது இன்ஜெக்டரின் டெட் டைம், அதாவது கரன்ட் கொடுத்த பிறகு இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம். ஐடிலில் மொத்த பல்ஸ் (இன்ஜெக்டருக்குக் கரன்ட் போகும் நேரம்) 2 மில்லிசெகண்ட், அதில் டெட் டைம் 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம், பெட்ரோல் வருவது மிச்சமுள்ள 1 மில்லிசெகண்டில்தான். டெட் டைமை 0.2 தவறாகக் கொடுத்தால் ஐடிலில் 20 சதவீதம் தவறு. அதே 0.2 ஃபுல் த்ராட்டிலில் 12 மில்லிசெகண்ட் பல்ஸில் 2 சதவீதத்துக்கும் கீழே. இதைச் சரிசெய்யாமல் டேபிளைத் திருத்தினால் ஐடில் கட்டங்கள் மட்டும் கோணலாகப் போகும், பேட்டரி வோல்டேஜ் மாறினால் ஐடிலும் மாறும், ஏன் என்றே புரியாது.

சரி, இப்போது லாக். தற்போதைய டியூனை முதலில் தனியாகச் சேமித்துவிடுங்கள். குளோஸ்டு லூப் திருத்தத்தை, அதாவது சென்சாரைப் பார்த்து இசியூ தானே பெட்ரோலை மாற்றுவதை, அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஒரு பக்கம் திருத்த அது இன்னொரு பக்கம் திருத்தும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், கூலன்ட் 80 டிகிரிக்கு மேல், வார்ம்அப் திருத்தம் சரியாக 100 சதவீதம் (குளிருக்கான கூடுதல் பெட்ரோல் எதுவும் இல்லை). ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சேர்க்கப்படும் கூடுதல் எரிபொருள் ஓடும் வரிசைகளையும், காலை எடுத்தவுடன் ஃபியூல் நிற்கும் வரிசைகளையும் லாகிலிருந்து வடிகட்டிவிடுங்கள். அந்த ஃபியூல் கட் நேரம் வேறொன்றுக்குப் பயன்படும்: அப்போது எக்ஸாஸ்டில் வெறும் காற்றுதான், கேஜ் அதன் லீன் எல்லைக்கே போக வேண்டும். சில வினாடி நீண்ட ஃபியூல் கட்டிலும் போகவில்லையென்றால் சென்சார் மீதே சந்தேகப்படுங்கள்.

ஓட்டும்போது லேப்டாப்பைப் பார்க்காதீர்கள். டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே லோடில் ஓட்டும் சோதனைக் கருவி) கிடைத்தால் அதுதான் நல்லது, இல்லையென்றால் ஒருவர் ஓட்ட ஒருவர் லாகைக் கவனிக்கட்டும், அல்லது பதிவு செய்துவிட்டு வண்டியை நிறுத்தியபின் பாருங்கள். பொதுச் சாலையில் ஃபுல் த்ராட்டில் வேலை வேண்டவே வேண்டாம்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2500 ஆர்பிஎம், 50 கிலோபாஸ்கல், டேபிளில் இருக்கும் விஇ (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்ற எண்) 62. நமக்கு வேண்டியது லாம்டா 1.00, சென்சார் காட்டுவது 1.06. புதிய விஇ என்பது பழைய விஇயை அளந்த லாம்டாவால் பெருக்கி வேண்டிய லாம்டாவால் வகுப்பது: 62 × 1.06 ÷ 1.00, ஏறக்குறைய 65.7. குளோஸ்டு லூப் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த லாக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அந்தத் திருத்தத்தையும் பெருக்க வேண்டும். லாம்டா 1.02, திருத்தம் 104 சதவீதம் என்றால் 62 × 1.04 × 1.02, அதுவும் 65.8 பக்கம்தான் வரும். கணக்கு இத்துடன் முடிந்தது.

ஆனால் அந்த 1.06 உண்மையில் அந்தக் கட்டத்துக்கு உரியதா? இன்ஜின் எப்போதும் ஒரு கட்டத்தின் நடுவில் போய் நிற்காது. 2650 ஆர்பிஎம், 54 கிலோபாஸ்கலில் ஓடுகிறது, டேபிளில் கோடுகள் 2500, 3000 மற்றும் 50, 60 என்று இருக்கின்றன என்றால், இசியூ நான்கு கட்டங்களையும் கலந்துதான் விஇ எடுக்கும்: 2500/50 கட்டத்துக்கு 42 சதவீதம், 2500/60க்கு 28, 3000/50க்கு 18, 3000/60க்கு 12. இந்த ரீடிங்கை வைத்து 2500/50ஐ மட்டும் முழுசாகத் திருத்தினால், பாதிக்கும் குறைவான பங்குள்ள கட்டத்தின் தலையில் மொத்தப் பழியையும் போடுகிறீர்கள். கட்டத்தின் மையத்துக்கு நெருக்கமாக, ஆர்பிஎம்மும் பிரஷரும் ஓரிரு வினாடி அசையாமல் நின்ற வரிசைகளை மட்டும் எடுத்துச் சராசரி பாருங்கள். கியரையும் ஏற்றத்தையும் பயன்படுத்தி இன்ஜினை அந்த இடத்தில் மெதுவாக நிறுத்தக் கற்றுக்கொண்டால், ஒரு மணி நேரம் கண்டபடி ஓட்டிய லாகை விடப் பத்து நிமிட லாக் அதிகம் சொல்லும்.

அடுத்தது தாமதம். பெட்ரோல் தெளிக்கப்பட்டு, எரிந்து, வால்வு திறந்து, பைப்பில் பயணித்து சென்சாரை அடைந்து, அது பதில் சொல்வதற்குள் இன்ஜின் வேறு கட்டத்துக்குப் போயிருக்கும். அதிக லோடில் இந்த இடைவெளி சின்னது, ஐடிலில் சில நூறு மில்லிசெகண்ட் வரை போகும். உங்கள் வண்டியில் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம்: நிலையான வேகத்தில் ஓடும்போது உதவியாளர் விஇயைச் சட்டென்று 10 சதவீதம் ஏற்றட்டும், பல்ஸ் நீண்ட வரிசைக்கும் லாம்டா இறங்கத் தொடங்கிய வரிசைக்கும் நடுவில் உள்ள நேரம்தான் தாமதம். குறைந்த ஆர்பிஎம், அதிக ஆர்பிஎம் இரண்டிலும் அளந்து, லாக் பார்க்கும் மென்பொருளில் அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். தானாகவே டேபிளைத் திருத்தும் ஆட்டோடியூன் வசதியும் இதைச் சரியாகக் கொடுத்தால்தான் உருப்படியாக வேலை செய்யும். அதையும் மாற்றத்தின் எல்லையைச் சின்னதாக வைத்துத்தான் ஓட விட வேண்டும்.

மிஸ்ஃபயர்தான் எல்லாவற்றையும் விட ஆபத்தான ஏமாற்று. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் காற்று முழுவதும் ஆக்சிஜனாகவே வெளியே வரும், எரியாத பெட்ரோலும் கூடவே வந்தாலும் சென்சார் 'லீன்' என்றுதான் கத்தும். கலவை மிகவும் ரிச்சாக இருந்து பிளக் நனைந்து மிஸ்ஃபயர் ஆனாலும் இதே கதைதான். நீங்கள் எண்ணை நம்பி இன்னும் பெட்ரோல் சேர்ப்பீர்கள், மிஸ்ஃபயர் அதிகமாகும், எண் இன்னும் லீனாகும். எக்ஸாஸ்டில் பச்சைப் பெட்ரோல் வாசம், பிளக்கில் கரி, உதறல் இருந்தால் எண்ணுக்கு எதிராக 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். இன்ஜின் சீரானால் சென்சார் சொன்னது பொய். ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜின்களும் ஐடிலில் இப்படித்தான், காற்று எரியாமலே நேராக எக்ஸாஸ்டுக்குப் போய்விடும். அங்கே லாம்டாவை மறந்துவிட்டு மேனிஃபோல்டு பிரஷர் எப்போது குறைவாகவும் நிலையாகவும் இருக்கிறது என்று பார்த்து ஐடிலை அமையுங்கள்.

எங்கே என்ன லாம்டா வேண்டும்? க்ரூஸில் (சீரான வேகத்தில் ஓடும்போது) 1.00, ஐடிலில் 0.95 முதல் 1.00, டர்போ இல்லாத இன்ஜினின் ஃபுல் த்ராட்டிலில் 0.86–0.88, டர்போவின் பூஸ்டில் 0.78–0.82 அளவில் ஆரம்பிக்கலாம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் ஐடிலும் க்ரூஸும் 1.00லேயே இருக்கட்டும், எமிஷன் விதிகளும் அதைத்தான் எதிர்பார்க்கும்.

க்ரூஸ், ஐடில் கட்டங்களை முதலில் முடியுங்கள், பிறகு படிப்படியாக லோடு ஏறுங்கள். இன்னும் போகாத உயர் லோடு கட்டங்களைக் கீழே கண்ட போக்கைப் பார்த்து முன்கூட்டியே கொஞ்சம் ரிச்சாக உயர்த்தி வைத்துவிட்டு, மேலே போய்க் குறைத்துக்கொண்டே வாருங்கள். ரிச்சில் தவறினால் கொஞ்சம் பவர் போகும், லீனில் தவறினால் பிஸ்டன் போகும். பூஸ்டில் 0.85க்கு மேல் போவது தெரிந்தால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். நாக் (கலவை தானாக வெடிப்பதால் வரும் தட்டல்) வருகிறதா என்று ஆக்சிஜன் சென்சார் சொல்லவே சொல்லாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும், இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் வைத்தே (பொறியைத் தாமதப்படுத்தியே) இந்த வேலையைச் செய்யுங்கள். அதிக ஆர்பிஎம்மில் விஇ ஏற்ற ஏற்ற லாம்டா இறங்கவில்லையென்றால் டேபிளில் தேடாதீர்கள்: இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டியிருக்கும், அல்லது பம்ப் பிரஷரைத் தாங்காமல் விட்டிருக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் டேபிளை முப்பரிமாணப் படமாகப் பாருங்கள். 100 கிலோபாஸ்கல் வரிசை கிட்டத்தட்ட இன்ஜினின் டார்க் வளைவு மாதிரியே ஏறி இறங்க வேண்டும். பக்கத்துக் கட்டங்களை விட ஒன்று மட்டும் 8 புள்ளி தூக்கிக்கொண்டு நின்றால், இன்ஜின் அப்படிக் காற்றை இழுக்கிறது என்பதை விட அந்தக் கட்டத்துக்குக் கிடைத்த ரீடிங் நான்கைந்துதான் என்பதற்கே வாய்ப்பு அதிகம். அதைப் பக்கத்துக் கட்டங்களோடு சமன்செய்து மறுபடி லாக் எடுங்கள். அதே இடத்தில் அதே மேடு திரும்ப வந்தால் அது உண்மை, விட்டுவிடுங்கள்.

அடிக்கடி ஓடும் கட்டங்கள் எல்லாம் 3 சதவீதத்துக்குள் வந்தபிறகு குளோஸ்டு லூப்பை மீண்டும் போடலாம், க்ரூஸிலும் லேசான லோடிலும் மட்டும், 5 சதவீதம் அளவுக்கு மட்டும் திருத்த உரிமை கொடுத்து. ஆக்சிலரேட்டர் கூடுதலை இதற்கு அப்புறம்தான் தொட வேண்டும், டேபிள் தவறாக இருக்கும்போது அதைச் சரிசெய்தால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜினுக்கான வார்ம்அப் திருத்தம் கடைசி. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் சாவி போட்டதிலிருந்தே லாக் ஓடட்டும். சென்சார் சூடாகும் வரை முதல் அரை நிமிட அளவுக்கு வரும் எண்களை ஒதுக்கிவிட்டு, கூலன்ட் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் லாம்டா எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த வெப்பத்துக்கு உரிய எண்ணை மட்டும் திருத்துங்கள். விஇ டேபிளை அப்போது தொட வேண்டாம்.