அடுப்பு ஏறாத துவையல்

"தாளிக்க வேண்டாமா, தம்பி?" என்று என் அம்மா கேட்டதும் அந்த இத்தாலியர் பதறிப்போய் இரண்டு கைகளாலும் கிண்ணத்தை மூடிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவின் கையில் இருந்த தாளிப்புக் கரண்டியையும் கடுகு டப்பாவையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

ராணிப்பேட்டையில் நான் வேலை பார்த்த ஷூ தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்தவர் அவர். ஊர் ஜெனோவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தொட்டியில் நின்ற திருநீற்றுப் பச்சிலையில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தவர், வெகுநேரம் விரலை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆலிவ் எண்ணெயும் ஒரு துண்டு சீஸும் எடுத்துக்கொண்டு அவராகவே வந்துவிட்டார். அன்று அவர் எங்கள் சமையலறையில் இடித்துக் காட்டியதுதான் பெஸ்டோ. அதன் பிறகு நூறு முறையாவது செய்திருப்பேன். வேலூர் வெயிலில் அதை எப்படிக் கெடாமல் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெஸ்டோ என்ற பெயர் 'இடிப்பது' என்ற பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பச்சிலை, பூண்டு, பைன் மரத்துக் கொட்டை, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், கல் உப்பு ஆகியவற்றைப் பளிங்கு உரலில் மர உலக்கையால் அரைப்பது ஜெனோவா வழக்கம். நம் புதினாத் துவையலுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் நாம் இலையை வதக்கி, ஆறவைத்து அரைக்கிறோம். பெஸ்டோவில் இலை கடைசிவரை பச்சையாகவே இருக்க வேண்டும். சூடு எந்த வழியில் வந்தாலும் அதன் மணம் போய்விடும். அடுப்புச் சூடு மட்டுமில்லை, மிக்சி சூடும் சித்திரை மாத வெயிலும் இதில் சேர்த்தி.

முதலில் இலை. சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கிற சப்ஜா விதை இருக்கிறதே, அது திருநீற்றுப் பச்சிலையின் விதை. இத்தாலியர்களின் பேசிலும் அதே இனம்தான், வகைதான் வேறு. நம் ஊர்ச் செடியின் இலை சிறியது, வாசனை காரமானது, லேசான சோம்பு மணமும் உண்டு. அவர்களுடைய இலை அகலமானது, மென்மையானது. விதைக் கடையில் 'இத்தாலிய பேசில்' என்று கேட்டால் அந்த விதை கிடைக்கும். கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சப்ஜாவையே ஈர மண்ணின் மேல் தூவி, மெல்லிய மண் போர்வை போட்டுவிடுங்கள். விதை ஈரம் குடித்து வழுவழுப்பாக உப்பும், ஒரு வாரம் பத்து நாளில் முளைவிடும். ஆறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். பூங்கதிர் தலைகாட்டினால் உடனே கிள்ளி எறியுங்கள். பூத்த செடியின் இலை முரடாகிக் கசந்துவிடும். ஜெனோவாவில் பிரா என்ற பகுதியில் இதற்கென்றே கண்ணாடிக் கூடாரங்களில் வளர்த்து, செடி பிஞ்சாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டு கட்டி விற்பார்களாம். நாமும் இளம் இலையாகத்தான் பறிக்க வேண்டும்.

மார்க்கெட்டில் பூமாலை கட்டுவதற்கு வைத்து விற்கிற பச்சிலையை இதற்கு வாங்காதீர்கள். சாப்பிடுவதற்கென்று வளர்த்த இலை இல்லை அது, என்ன மருந்து அடித்திருப்பார்களோ. துளசியும் வேண்டாம். அதில் கிராம்பு வாடைதான் மேலோங்கி நிற்கும். பச்சிலை போதாத நாளில் பாதிக்குப் பாதி கொத்தமல்லி சேர்க்கிறேன். நன்றாகவே இருக்கிறது.

நான்கு பேருக்கு, காம்பு நீக்கிய இலை 50 கிராம். முறத்தில் கொட்டினால் நான்கு பெரிய கைப்பிடி வரும். நாட்டுப் பூண்டு 2 சிறு பல், கல் உப்பு கால் தேக்கரண்டி, கொட்டை 20 கிராம், துருவிய சீஸ் 50 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி. பைன் கொட்டையின் விலை நம் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. முந்திரி அதற்கு நல்ல மாற்று. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடலாம். வறுத்துத் தோல் நீக்கி, முழுதாக ஆறிய பிறகு போடுங்கள். மல்லாட்டை போட்டால் சட்னிச் சாயல் வந்துவிடும், எனக்கு அதில் குறையில்லை. எண்ணெயில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். செக்கு நல்லெண்ணெய் ஊற்றினால் இலை வாசனை எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

சீஸ் பற்றி ஒரு வார்த்தை. கட்டிகளாக விற்கிற மென்மையான சீஸ் பசைபோல இழுக்கும். பார்மிசான் வகைக் கெட்டியான சீஸ்தான் வேண்டும். அசல் இத்தாலியப் பார்மிசானில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்க்கிறார்கள். சைவம் சாப்பிடும் வீட்டார் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால் கல் உப்பில் கை நீளக் கூடாது.

கோடையில் நான் காலை ஆறு மணிக்கே இலை பறித்துவிடுவேன். அலசி, பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து மெல்ல ஒற்றுவேன். துளி ஈரம் இருந்தாலும் விழுது நீர்த்துவிடும், சீக்கிரம் கறுக்கும். இலையைக் கசக்காமல் கையாள வேண்டும்.

இஞ்சி பூண்டு இடிக்கிற சின்னக் கல்லுரல் போதும். மசாலா வாடை இருந்தால் ஒரு பிடி பச்சரிசியை அரைத்துக் கொட்டிவிட்டுக் கழுவித் துடையுங்கள். பூண்டையும் இரண்டு மூன்று உப்புக் கல்லையும் முதலில் நசுக்கி, வெண்ணெய்போல் ஆனதும் கொட்டையைப் போட்டு மையாக்குங்கள். பிறகு இலை, ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி, அதன் மேல் நாலைந்து உப்புக் கல். இங்கே இடிக்காதீர்கள். குழவியை உரலின் சுவரோடு ஒட்டிச் சுழற்றுங்கள். வலக்கை குழவியைச் சுற்ற, இடக்கை உரலை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த இத்தாலியர் அப்படித்தான் செய்தார், அம்மா ஆட்டுக்கல்லில் மாவு தள்ளுகிற லாகவத்தோடு. உப்புக் கல் இலையைக் கிழிக்கும். சற்று நேரத்தில் உரலின் அடியில் பளபளவென்று பச்சைச் சாறு திரளும், மணம் கூடம்வரை போகும். எல்லா இலையும் கரைந்ததும் சீஸைப் போட்டுப் புரட்டி, எண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் குழைக்க வேண்டும். மொத்தம் இருபது நிமிடம்.

மிக்சியில் செய்யலாமா? செய்யலாம். நான் முதன்முதலில் தனியாகச் செய்தது அப்படித்தான்: மே மாதம், மதியம் மூன்று மணி, இரண்டு நிமிடம் விடாமல் ஓட்டினேன். ஜார் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. விழுது ஊறிய புளியங்கொழுந்தின் நிறத்துக்கு வந்துவிட்டது, வாயில் கசப்பு. இலையை வெட்டியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து கறுக்கத் தொடங்குகிறது. பிளேடு காற்றையும் அடித்து உள்ளே சேர்க்கிறது, சூட்டையும் கிளப்புகிறது. போதாததற்கு, நல்ல ஆலிவ் எண்ணெயை வேகமாக அடித்தால் அதுவே கசக்கும். ஆகவே ஜாரையும் பிளேடையும் அரை மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். முதலில் பூண்டு, கொட்டை, பிறகு இலை. பாதி எண்ணெய் மட்டும் ஊற்றி, இரண்டு நொடி ஓட்டி நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி இரண்டு நொடி. கொரகொரப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சீஸையும் மீதி எண்ணெயையும் கிண்ணத்தில் கையால் கலக்குங்கள்.

பாஸ்தாவோடு சாப்பிடுவதானால் ஜெனோவாக்காரர்கள் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் அதே கொதிநீரில் வேகவைக்கிறார்கள். நான்கு பேருக்கு 350 கிராம் பாஸ்தா. வடிக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் பெஸ்டோவை அந்தத் தண்ணீர் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்தி, பாஸ்தாவைப் போட்டுப் புரட்டுங்கள். பெஸ்டோவை மட்டும் வாணலியில் கொதிக்கவிட்டுவிடாதீர்கள். தோசைக்குள் தடவ ஆசைப்பட்டால், கல்லிலிருந்து எடுத்த பிறகு தடவுங்கள்.

மீந்ததைச் சின்னப் பாட்டிலில் அழுத்தி நிரப்பி, மேலே விரற்கடை எண்ணெய் நிற்கும்படி ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். ஊறுகாய்தானே என்று வெளியே வைக்கவே கூடாது. இதில் புளியும் இல்லை, ஊறுகாய் அளவுக்கு உப்பும் இல்லை. பச்சைப் பூண்டு காற்றுப் புகாத எண்ணெயில் அறைச் சூட்டில் கிடந்தால், பொட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாடையும் வராது, பார்த்தும் தெரியாது. மாதக்கணக்கில் வேண்டுமானால் இலையைக் கொதிநீரில் பத்து நொடி முக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரம் போக ஒற்றி, சீஸ் இல்லாமல் அரைத்து ஐஸ் தட்டில் உறைய வையுங்கள். மணம் ஒரு படி குறையும், நிறம் நிற்கும். சீஸை உருகிய பிறகு சேர்க்கலாம்.

எங்கள் வீட்டில் பாஸ்தாவைவிட இதற்கு நெருக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். பெரிதாக இரண்டு எடுத்து, நேரே தணலில் சுட்டு, தோலுரித்து, தட்டில் பிளந்து வைத்து ஆறவிடுவோம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மேலே இரண்டு கரண்டி பெஸ்டோ. அம்மா இன்றும் முதலில் ஒரு ஓரத்தைச் சோற்றோடு பிசைந்து பார்ப்பார்கள். கடுகு டப்பாவை மட்டும் எடுப்பதில்லை.