பெருநகரில் குடியேறலாமா? முடிவெடுக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

பெருநகர வாழ்க்கையின் நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை மறுபக்கமும் எழுதி, எந்தப் பட்டியல் நீளமாக இருக்கிறதோ அதன்படி முடிவெடுப்பது பலரும் கையாளும் வழி. அந்த வழி பெரும்பாலும் தவறான விடையையே தருகிறது. காரணம் எளியது: இரு பக்கங்களிலும் எழுதப்படுபவை ஒரே கால அளவில் நம் வாழ்வைத் தொடுபவை அல்ல. புகழ்பெற்ற மருத்துவமனையும் அருங்காட்சியகமும் விமான நிலையமும் ஆண்டில் சில நாட்களுக்கே நமக்குப் பயன்படக்கூடும். வாடகையும் நெரிசலும் இரைச்சலும் புகையும் நாள்தோறும் நம்மோடு இருக்கும். ஆகவே முதல் வேலையாக, நீங்கள் எழுதும் ஒவ்வொரு நன்மைக்கும் தீமைக்கும் எதிரே, அது உங்கள் வாழ்வில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குறிப்பே பட்டியலின் தோற்றத்தை மாற்றிவிடும்.

அடுத்ததாக, அந்த நகரில் நீங்கள் வாழப்போகும் சாதாரண வேலைநாள் ஒன்றை எழுந்திருப்பதிலிருந்து உறங்கச் செல்வது வரை மணிவாரியாக எழுதுங்கள். விடுமுறை நாளை எழுத வேண்டாம். நகரத்தின் கவர்ச்சி முழுவதும் விடுமுறை நாளில்தான் தெரிகிறது, வாழ்க்கையின் பெரும்பகுதியோ வேலைநாட்களில்தான் கழிகிறது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை ஊர்திகள் மாற வேண்டும், சமைப்பது யார், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது யார், உறங்குவதற்கு முன் உங்களுக்கென்று மிஞ்சும் நேரம் எவ்வளவு என்பனவற்றை உள்ளபடியே எழுதுங்கள். குடும்பமாகக் குடியேறுகிறீர்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நாள் எழுதப்பட வேண்டும். வேலைக்குச் செல்பவரின் நாள் சிறப்பாகவும், வீட்டில் இருக்கும் முதியவரின் நாள் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதாகவும் இருக்கக்கூடும். அந்த முரண்பாடு குடியேறிய பிறகு தெரிவதைவிடத் தாளில் தெரிவது நல்லது.

இப்போது வருமானத்தைப் பார்ப்போம். பெருநகரில் சம்பளம் கூடுதல் என்பது வெறும் நம்பிக்கை அன்று. லூயி பெத்தன்கூர், ஜெஃப்ரி வெஸ்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நகரின் மக்கள்தொகை இரு மடங்காகும்போது மொத்தக் கூலி இரு மடங்கைத் தாண்டி வளர்கிறது. தலைக்கு என்று பார்த்தால் 10 விழுக்காட்டை ஒட்டிய உயர்வு கிடைக்கிறது. சாலைப் பரப்பும் மின்கம்பிகளின் நீளமும் அந்த அளவுக்கு வளரத் தேவையில்லை என்பதால், உள்கட்டமைப்பில் சிக்கனமும் உண்டு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கடுங்குற்றங்களும் தொற்றுநோயும்கூட ஏறத்தாழ அதே போக்கில் பெருகுகின்றன. மனிதர்கள் ஒருவரையொருவர் அடிக்கடி சந்திப்பதே இரண்டுக்கும் அடிப்படை என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். நகரத்தின் நன்மையும் தீமையும் ஒரே ஊற்றிலிருந்து வருவதால், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை முற்றிலும் தவிர்க்க முடியாது. வீட்டையும் வேலையையும் தேர்ந்தெடுக்கும் முறையால் தீமையின் அளவைக் குறைக்கத்தான் முடியும். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரிதும் அந்தத் தேர்வைப் பற்றியதே.

சராசரி உயர்வு என்பது உங்கள் உயர்வு ஆகாது. எனவே சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடாமல், செலவு போக மாத இறுதியில் கையில் நிற்கும் தொகையைத் தொகையோடு ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிடும்போது வாடகையையும் பயணச் செலவையும் பிரிக்காமல் ஒரே செலவாக எழுத வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்வேன். வாடகை குறைவு என்பதற்காக நகரின் ஓரத்தில் வீடு எடுப்பவர்கள், மிச்சப்படுத்திய தொகையைப் பயணச் சீட்டுக்கும் எரிபொருளுக்கும் கொடுத்துவிடுவது உண்டு. கூடவே நேரத்தையும் கொடுக்கிறார்கள். முன்பணம், தரகுக் கட்டணம், பொருட்களை ஏற்றிச் செல்லும் செலவு, முதல் சம்பளம் வரும் வரையிலான செலவு ஆகியவற்றைத் தனியே எழுதுங்கள். சொந்த ஊரில் உறவினரோ அண்டை வீட்டாரோ பணம் வாங்காமல் செய்துவந்த உதவிகள், குறிப்பாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, நகரில் விலை கொடுத்து வாங்க வேண்டியவையாக மாறும். இவ்வகைச் செலவைத்தான் பெரும்பாலோர் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள்.

அதே வேளையில், கையில் நிற்கும் தொகை இன்று குறைவாக இருந்தாலும் நகரம் சரியான தேர்வாக இருக்கக்கூடும். ஒரே துறையில் பல நிறுவனங்கள் இருக்கும் இடத்தில், ஒரு வேலை போனால் ஊரை விட்டுக் கிளம்பாமலேயே இன்னொன்றைத் தேடலாம். கணவன், மனைவி இருவரும் வெவ்வேறு துறையினராக இருந்தால், இருவருக்கும் தகுந்த வேலை ஒரே இடத்தில் கிடைக்கும் வாய்ப்பு சிறிய ஊரைவிடப் பெருநகரில் மிகுதி. நுட்பமான தொழில்களில் உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தேவைப்படுவோர் ஏராளமாக இருக்கும் இடத்தில்தான் ஒருவர் ஒரே நுட்பத்தில் முழுநேரமும் ஈடுபட முடியும். பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டிலேயே இதை விளக்கியிருக்கிறார். ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்த நகரில் எனக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறதா, அல்லது பல இருக்கின்றனவா? ஒன்றே ஒன்றுதான் என்றால், பெருநகரின் மிகப் பெரிய பொருளாதார நன்மை உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை உடையவர்கள் இந்தக் கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயண நேரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் மதிப்பீட்டில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே பயணத்திற்குச் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994ஆம் ஆண்டில் எழுதினார். ஊர்திகள் வேகமாகும்போது பயண நேரம் குறைவதில்லை, ஊர்தான் விரிகிறது. பெருநகரில் அந்த ஒரு மணி நேர எல்லையைத் தாண்டுவது மிக எளிது. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டால், மாதம் 22 வேலைநாட்களுக்கு 66 மணி நேரம் ஆகிறது. நாளுக்கு 8 மணி நேர வேலை என்னும் கணக்கில் இது எட்டு வேலைநாட்களுக்கும் மேல். நீண்ட பயணத்தின் இழப்பை நல்ல வீடும் கூடுதல் சம்பளமும் ஈடுகட்டிவிடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் புரூனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்னும் பொருளியலாளர்கள் ஜெர்மனியில் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தபோது, நெடுநேரம் பயணம் செய்பவர்களின் வாழ்க்கை மனநிறைவு குறைவாகவே இருப்பதைக் கண்டார்கள்.

ஆகவே வீடு பார்க்கச் செல்லும்போது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசை வரை, வேலைநாளில், வேலைக்குச் செல்லும் அதே நேரத்தில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். மாலையில் திரும்பும் பயணத்தையும் அதேபோல் செய்து பாருங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தில், ஊர்திக்காகக் காத்திருப்பதும் நிற்க இடமின்றி அடுத்ததற்கு விட்டுக்கொடுப்பதும் முழுமையாகத் தெரிவதில்லை. சிறிய வீடாக இருந்தாலும் வேலையிடத்திற்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே பெரும்பாலோருக்கு நான் சொல்லும் அறிவுரை. பிள்ளைகளின் பள்ளியும் வேலையிடமும் எதிரெதிர்த் திசைகளில் இருந்தால் மட்டும், பள்ளிக்கு அருகிலிருப்பது குடும்பத்தின் மொத்த நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, பெருநகரில் சிறப்பு மருத்துவர்கள் அருகில் இருப்பது உண்மையான நன்மை. நாட்பட்ட நோய்க்குத் தொடர் சிகிச்சை பெறுபவர்கள் வீட்டில் இருந்தால், மற்றக் குறைகள் பலவற்றைப் பொறுத்துக்கொள்ள அது ஒன்றே போதும். எதிர்ப்பக்கத்தில் காற்று, இரைச்சல், வெப்பம் ஆகிய மூன்றும் நிற்கின்றன. காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுள்ள நுண்துகளான பி.எம். 2.5இன் ஆண்டுச் சராசரி, ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2021ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது; அதற்கு முந்தைய அளவு 10. சாலைப் போக்குவரத்து இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பகுதிக்கென அதே அமைப்பு 2018ஆம் ஆண்டில் தந்த பரிந்துரை. நகரத்தின் நடுப்பகுதி, குறிப்பாக இரவில், சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதை வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் இலண்டனில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து காட்டினார். பகலில் கட்டடங்களும் சாலைகளும் உள்வாங்கும் வெப்பம் இரவில் மெல்ல வெளியேறுவதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

இவற்றை நகர அளவில் உங்களால் மாற்ற முடியாது. வீட்டு அளவில் ஓரளவு முடியும். புகையும் இரைச்சலும் பெருஞ்சாலையிலிருந்து விலக விலகக் குறைவதால், சாலையோர வீட்டைவிட உள்தெருவில் உள்ள வீடு நல்லது. படுக்கையறைச் சன்னல் சாலையை நோக்கி இருக்கிறதா, எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல்கள் இருந்து காற்று ஊடே செல்கிறதா, வெயிலைத் தாங்கும் மேல்தளத்துக்கு நேர்க்கீழே வீடு அமைந்திருக்கிறதா, தெருவில் மரநிழல் உண்டா என்று பாருங்கள். வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒருமுறையும் பார்ப்பது அவசியம். தண்ணீர் எந்நேரம் வருகிறது, பெருமழையில் தெருவில் நீர் தேங்குகிறதா என்பவற்றை வீட்டு உரிமையாளரிடம் கேட்பதைவிட, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.

மனிதர்களுக்கிடையே உள்ள இடைவெளி நகரத்தின் நன்மையா தீமையா என்பது கேட்பவரைப் பொறுத்தது. யாரும் யாரையும் கவனிக்காத தன்மை, ஊராரின் கண்களுக்கும் கேள்விகளுக்கும் நடுவில் மூச்சுத் திணறியவருக்குப் பெரும் விடுதலை. தனியே வாழும் பெண்கள், பெற்றோர் விரும்பாத தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்கள், ஊரில் தங்களைப் போன்ற ஒருவரைக்கூடக் காணாதவர்கள் ஆகியோருக்கு இந்த விடுதலை எந்தப் பணக் கணக்கைவிடவும் எடை மிகுந்தது என்றே நான் கருதுகிறேன். அதே தன்மை, நோயுற்ற இரவில் கதவைத் தட்ட ஒருவரும் இல்லாத நிலையாகவும் மாறும். அதைத் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடக் கூடாது. வாரந்தோறும் ஒரே நாளில் ஒரே இடத்திற்குச் செல்லும் ஒரு பழக்கத்தை, அது நூலகமாகவோ விளையாட்டாகவோ இசை வகுப்பாகவோ இருக்கலாம், முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். திரும்பத் திரும்பக் காணும் முகங்களிலிருந்துதான் பழக்கம் பிறக்கிறது. அண்டை வீட்டார் இருவரின் தொலைபேசி எண்ணையாவது பெற்றுக்கொள்ளுங்கள்.

முடிந்தால், நிரந்தரமாகக் குடியேறும் முன் ஒரு மாதம் தற்காலிக வாடகையில் தங்கி, வேலைநாட்களின் ஒழுங்கிலேயே வாழ்ந்து பாருங்கள். முதல் ஆண்டில் வீடு வாங்குவதையும் பழைய ஊரில் உள்ள வீட்டை விற்பதையும் தவிருங்கள். பகுதியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது தெரிந்தால், வாடகைக்காரர் எளிதில் மாறிக்கொள்ளலாம். பெருநகர், சிற்றூர் என்னும் இரண்டுக்கும் நடுவே நடுத்தர நகரங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் துறையில் மூன்று நான்கு நிறுவனங்களும் ஒரு நல்ல மருத்துவமனையும் அங்கே இருக்குமானால், உங்களுக்குத் தேவையான நகரம் அதுவாகவே இருக்கலாம்.

கிளம்புவதற்கு முன், எந்த நிலை வந்தால் திரும்புவோம் அல்லது வேறு பகுதிக்கு மாறுவோம் என்பதைக் குடும்பத்தினர் எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். நாளுக்கு இத்தனை மணி நேரத்திற்கு மேல் பயணம், தொடர்ந்து இத்தனை மாதம் சேமிப்பு இல்லாமை, பிள்ளைக்கு விடாத மூச்சிரைப்பு என்பன போல அளந்து பார்க்கக்கூடியவையாக அவை இருக்க வேண்டும். சில மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். அது இல்லாதவர்களால், எழுதிவைத்த நிலை வந்த பின்பும் அங்கிருந்து நகர முடிவதில்லை. ஓராண்டு முடிந்ததும் அந்தத் தாளையும், முதலில் எழுதிய சாதாரண வேலைநாளையும் எடுத்து, உண்மையில் வாழ்ந்த நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீட்டில் குடும்பத்தின் ஒவ்வொருவரும் தம் நாளைத் தாமே சொல்லட்டும்.