கும்மிருட்டில் ஃபிலிமை ரீலில் ஏற்றுவது எப்படி? (கடலோரப் புழுக்கத்துக்கு ஏற்ற முறை)

வீட்டில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ ஆரம்பிப்பவர்கள் இருட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் இருட்டை விட ஈரம்தான் பெரிய தொல்லை. ஃபிலிமைச் சுற்றி மருந்து டேங்கில் வைக்கும் பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்தில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். பாதி ஏறிய ஃபிலிம் அப்படியே நின்றுவிடும்.

அதனால் வேலை முந்தின நாளே தொடங்குகிறது. பழைய டூத் பிரஷால் ரீலின் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவி, இரவு முழுக்க ஃபேன் காற்றில் காயவையுங்கள். ஃபிலிம் நுழையும் இடத்தில் உள்ள இரண்டு குட்டிக் குண்டுகளும் குலுக்கினால் கடகடவென்று ஓட வேண்டும். கடைசி அலசலுக்கான வெட்டிங் ஏஜென்ட்டில் (நீர்த்துளிக் கறை விழாமலிருக்கச் சேர்க்கும் சோப்பு மாதிரித் திரவம்) ரீலை முக்கவே வேண்டாம். அது படிந்த ரீல் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும்.

பாத்ரூமில் செய்வதென்றால், யாராவது குளித்த கையோடு உள்ளே போகாதீர்கள். அரை மணி நேரம் ஏசி ஓடிய படுக்கையறை இன்னும் நல்லது. சேஞ்சிங் பேக் (கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும், ஒளி புகாத பை) வெளியூருக்குச் சரி. இங்கே பத்து நிமிடத்தில் அதற்குள் கை வியர்த்துவிடும்.

இரவு எட்டு மணிக்கு மேல் கதவிடுக்கிலும் வென்டிலேட்டரிலும் கறுப்புத் துணி அடைத்து, விளக்கணைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். முகத்துக்கு நேரே பிடித்த வெள்ளைத் தாள் துளியும் தெரியக் கூடாது. ஏசியின் குட்டி விளக்கு, சுவிட்ச் இண்டிகேட்டர், கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் கவனியுங்கள். சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் தாளுக்கானது. நாம் வாங்கும் ஃபிலிம்கள் பெரும்பாலும் பான்க்ரோமேட்டிக். சிவப்பு ஒளியும் அவற்றில் பதியும்.

கேசட் (ஃபிலிம் இருக்கும் குட்டி டப்பா), பாட்டில் ஓப்பனர், கத்தரிக்கோல், ரீல், அதை மாட்டும் நடுக்குழாய், டேங்க், மூடி: இதே வரிசையில் இடமிருந்து வலமாக வையுங்கள். ஃபிலிமின் நாக்கு கேசட்டுக்கு வெளியே இருந்தால், வெளிச்சத்திலேயே அதன் ஒடுங்கிய பகுதியை நேராக வெட்டி, இரு முனைகளையும் லேசாக மழுக்குங்கள். ஓரத் துளையின் நடுவே வெட்டினால் அந்தக் கூர் பள்ளத்தில் மாட்டும்; இரண்டு துளைகளுக்கு இடையே வெட்டுங்கள்.

இனி இருட்டு. கேசட்டின் தட்டையான பக்கத்து மூடியை ஓப்பனரால் நெம்பி, ஸ்பூலை (ஃபிலிம் சுற்றியிருக்கும் நடு அச்சு) வெளியே எடுங்கள். நாக்கைப் பிடித்துக் கேசட்டிலிருந்து நேரே இழுத்தும் ஏற்றலாம். ஆனால் கடலூர் சில்வர் பீச் மாதிரி மணலில் எடுத்த ரோலுக்கு அது வேண்டாம். கேசட்டின் வெல்வெட் வாயில் ஒரு மணல் சிக்கியிருந்தால் ரோல் நெடுகக் கீறல் விழும்.

ரீலின் இரு நுழைவாய்களும் நேருக்கு நேர் வரட்டும். ஃபிலிம் சுருளும் திசையும் ரீல் சுற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். முனையைக் குண்டுகளைத் தாண்டும்வரை தள்ளிவிட்டு, இடப்பக்கத்தை அசைக்காமல் வலப்பக்கத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். 36 படச் சுருள் ஏறக்குறைய 1.6 மீட்டர் இருக்கும், அவசரம் வேண்டாம். ஓரத்தை மட்டும் தொடுங்கள். கடைசியில் ஸ்பூலோடு ஒட்டிய இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். டேப்பை வெடுக்கென்று பிய்த்தால் ஒளிப்பொறி தெறிக்கலாம்.

நடுவில் சிக்கினால் பலம் காட்டாதீர்கள். ரீலின் இரு பக்கங்களையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். நகரவில்லையென்றால் ரீலிலிருந்து கழற்றி, ஃபிலிமைத் தளர்வாகச் சுருட்டி, நடுக்குழாயோடு டேங்கில் போட்டு மூடுங்கள். பிறகு விளக்கைப் போட்டு, கையையும் ரீலையும் துடைத்துக் காயவைத்து, மறுபடி இருட்டில் தொடங்கலாம். நடுக்குழாய் இல்லாத டேங்குக்குள் ஒளி புகுந்துவிடும். பதற்றத்தில் பலரும் மறப்பது அதைத்தான்.

முதல் ரோலுக்கு முன், வீணான ரோல் ஒன்றை வெளிச்சத்தில் ஐந்து முறையும் கண்ணை மூடி ஐந்து முறையும் ஏற்றிப் பழகுங்கள்.

கழுவிய நெகட்டிவில் பால் படிந்த மாதிரித் திட்டு தெரிந்தால், அங்கே இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டு மருந்து எட்டவில்லை என்று பொருள். அந்த இடத்துப் படம் போனது போனதுதான். பிறைநிலா மாதிரிக் கோடு விழுந்திருந்தால், ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியிருக்கிறது.