வளரும் குட்டிக்குத் தவிடு மட்டும் போதாது

குதிரைக்குட்டிக்குத் தீனி கலக்கும்போது கால்சியம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். பாஸ்பரஸுடன் சேர்த்துப் பாருங்கள். வளர்ந்தபின் 500 கிலோ வரக்கூடிய ஆறு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 39 கிராம் கால்சியமும் 21, 22 கிராம் பாஸ்பரஸும் தேவை. கிட்டத்தட்ட 2:1. பாஸ்பரஸ் ஒருபோதும் கால்சியத்தைத் தாண்டக் கூடாது.

கோதுமைத் தவிட்டில் இது அப்படியே தலைகீழ்: பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். தவிடும் தானியமுமாகவே போட்டால், இரத்தத்தில் அளவைச் சரிக்கட்ட உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். தாடை வீங்கும், நொண்டும். தீவனத்துக்கென விற்கும் சுண்ணாம்புக்கல் தூளோ, கால்சியம் நிறைந்த குதிரை மசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிரோ சேர்த்தால் கணக்கு நேராகும். டைகால்சியம் பாஸ்பேட் என்ற தாது உப்பு இங்கே அவ்வளவாக உதவாது, அதிலும் பாஸ்பரஸ் இருக்கிறதே!

அப்புறம் தாமிரம். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. கருவிலேயே ஈரலில் சேர்த்ததை வைத்துத்தான் குட்டி சமாளிக்கிறது. ஆகவே சினைக்காலத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குத் தாதுக் கலவை தவறக் கூடாது.

செலினியம் என்ற நுண்தாதுவை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள். கொஞ்சம் கூடினாலும் நஞ்சு.