கூஸ் வாத்தும் குழந்தைகளும்: கடி வாங்காமல் பழக்குவது எப்படி?

கூஸ் வாத்து சும்மா யாரையும் விரட்டாது. தன் இடத்துக்கோ ஜோடிக்கோ முட்டைக்கோ ஆபத்து என்று தோன்றினால்தான் பாயும். குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து கையை நீட்டினால் அதற்கு அப்படித்தான் தோன்றும். என்னைக் கேட்டால், முதலில் பழக்க வேண்டியது குழந்தையை. வாத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: கழுத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்

வேலிக்கு வெளியே குழந்தையோடு நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். கூஸ் எதற்கெடுத்தாலும் கத்தும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, முன்னால் நீட்டி, 'உஸ்ஸ்' என்று சீறினால்தான் விஷயம்: கிட்டே வராதே என்கிறது. சிறகையும் விரித்துவிட்டால் அடுத்து ஓடிவரப்போகிறது. "இப்ப கழுத்து எப்படி இருக்கு?" என்று அவ்வப்போது கேளுங்கள். குழந்தைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்.

படி 2: ஓடக் கூடாது

முதுகைக் காட்டி ஓடினால் துரத்தும். நேராக நின்று, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, வாத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். பெரியவர் ஒருவர் வாத்து வேஷம் போட்டு வீட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்க்கலாம் (சீறல் சத்தத்தோடு செய்தால் இன்னும் நல்லது). ஆனால் சின்னக் குழந்தைகளிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. கழுத்தை நிமிர்த்தினால் வாத்தின் அலகு அவர்கள் முகத்துக்கு நேரே இருக்கும். அலகின் ஓரம் ரம்பம் போல இருப்பதால், கவ்வித் திருகினால் தோல் கன்றிப்போகும். சிறகு மடங்கும் இடத்து எலும்பால் அடித்தாலும் நன்றாக வலிக்கும். அதனால் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் விடவே கூடாது.

படி 3: இப்போது வாத்து

தீனியைக் குழந்தை கையால் ஊட்ட வேண்டாம், கிண்ணத்தில் வைக்கட்டும். கை என்றாலே தீனி என்று பழகிவிட்டால் விரல், சட்டைப் பொத்தான், ஷூ லேஸ் எல்லாவற்றையும் கொத்தும். குஞ்சாக இருக்கும்போதே கொத்தினால் அலகை மெல்லத் தள்ளிவிடுங்கள். அப்போது சிரித்துவிட்டு, வளர்ந்தபின் திட்டிப் பயனில்லை.

ஆண் வாத்து பாய்ந்து வந்தால் பெரியவர் பின்வாங்கக் கூடாது, ஓரடி முன்னால் வைக்க வேண்டும். அப்படியும் அடங்கவில்லையென்றால், இரண்டு சிறகையும் உடலோடு சேர்த்துப் பிடித்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். துள்ளல் நின்றதும் மெதுவாக இறக்கிவிடுங்கள். அடிக்கவோ உதைக்கவோ வேண்டாம், உங்களை எதிரியாகவே நினைத்துக்கொள்ளும்.

படி 4: முட்டைக் காலத்தில் பயிற்சிக்கு லீவு

பெட்டை சுமார் 30 நாள் அடைகாக்கும். அந்தச் சமயத்தில் சாதுவான ஆண் வாத்தும் முரடாகிவிடும். திருத்தப் பார்க்காமல் தனியாக அடைத்துவிடுங்கள். வளர்ப்பு கூஸ் உடல் கனமானது, அதிகம் பறக்காது. அதனால் மூன்றடி வேலியே பெரும்பாலும் போதும். குஞ்சு பொரித்தபின்னும் சில வாரங்களுக்குக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

படி 5: சோப்பு

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பறவையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் கையை சோப்பு போட்டு 20 விநாடி கழுவ வேண்டும், முத்தம் கூடவே கூடாது. 5 வயதுக்குக் கீழே என்றால் தொடாமல் பார்ப்பதோடு சரி. கடித்துத் தோல் கிழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.