அல்சைமர் சுண்டெலியின் மூளையில் குளூட்டமேட், குளூட்டமின், காபா அளப்பது எப்படி?

அல்சைமர் நோயில் மூளையின் அமினோ அமில வளர்சிதை மாற்றம் எங்கே தடுமாறுகிறது என்று ஆராயப் புகுவோர், தொடக்கத்தில் குளூட்டமேட், குளூட்டமின், காபா (நரம்பணுக்களின் செயலை அடக்கும் செய்தி கடத்தி) ஆகிய மூன்று பொருள்களை அளந்து பழகினால் போதும். நரம்பணு வெளியிடும் குளூட்டமேட்டை அருகிலுள்ள ஆஸ்ட்ரோசைட் (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் விண்மீன் வடிவச் செல்) உறிஞ்சி, குளூட்டமின் சிந்தெடேஸ் நொதியின் உதவியால் அதனுடன் அம்மோனியாவைச் சேர்த்துக் குளூட்டமினாக்கித் திருப்பித் தருகிறது. அந்தக் குளூட்டமினிலிருந்தே மீண்டும் குளூட்டமேட்டும் காபாவும் உருவாகின்றன. கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை இயக்க உங்களுக்குத் தெரியும் என்று கொண்டே எழுதுகிறேன்.

படி 1: மூளையை எடுத்தவுடன், நினைவாற்றலுக்கான பகுதியான ஹிப்போகேம்பஸைப் பனிக்கட்டியின் மேல் வைத்துப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். இறந்த பின்னும் நொதிகள் குளூட்டமேட்டைக் காபாவாக மாற்றிக்கொண்டே இருப்பதால், எல்லாச் சுண்டெலிகளுக்கும் இதற்கு ஆகும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 2: குளிர்ந்த 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், அகத் தரமாக (இழப்பைச் சரிபார்க்க எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவில் சேர்க்கும் பொருள்) ஹோமோசெரினையும் சேர்த்து அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை வடிகட்டுங்கள். எங்கும் சூடாக்க வேண்டாம், குளூட்டமின் சிதைந்துவிடும்.

படி 3: ஓ.பி.ஏ.யும் (ஆர்த்தோ-தாலால்டிஹைடு) மெர்காப்டோஎத்தனாலும் கலந்த போரேட் கரைசலைச் சேர்த்தால் அமினோ அமிலங்கள் ஒளிரத் தொடங்கும். நான் சறுக்கி விழுந்த இடம் இதுதான். எட்டு மாதிரிகளுக்கும் காலையிலேயே ஒரே மூச்சில் கரைசலைச் சேர்த்துத் தட்டில் அடுக்கினேன். முதலில் இயல்பான சுண்டெலிகள், பிறகு அல்சைமர் நோய்க்கென மரபணு மாற்றப்பட்ட ஏ.பி.பி./பி.எஸ்.1 வகைச் சுண்டெலிகள். நோயுற்றவற்றில் காபா வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டு இரண்டு நாள் மகிழ்ச்சியில் திளைத்தேன். ஆனால் அதே வகைச் சுண்டெலியில், ஆஸ்ட்ரோசைட்டுகள் எம்.ஏ.ஓ.-பி நொதியின் வழியே காபாவை மிகுதியாக உண்டாக்குகின்றன என்று 2014இல் வெளிவந்த ஆய்வு சொல்லியிருந்தது. ஐயம் எழுந்து, அடுத்த முறை முதல் குப்பியையே இறுதியில் மீண்டும் செலுத்திப் பார்த்தபோது, அதன் காபா உச்சமும் சரிந்திருந்தது. குறைந்தது மூளையின் காபா அன்று. குப்பியில் காத்திருந்த ஓ.பி.ஏ. சேர்மம். அகத் தரமும் கைகொடுக்கவில்லை, ஏனெனில் ஒவ்வொரு அமினோ அமிலத்தின் சேர்மமும் வெவ்வேறு வேகத்தில் சிதைகிறது.

ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் செலுத்துவதற்குச் சரியாக 2 நிமிடம் முன்பு கலக்குமாறு தானியங்கி ஊசியை அமையுங்கள். அது இல்லாதவர்கள் நிறுத்துக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிகளின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள்.

படி 4: சி18 தூண், அசிடேட்–மெத்தனால் கலவை, கிளர்வு 340, ஒளிர்வு 450 நானோமீட்டர். ஐந்தாறு அமினோ அமிலங்களுக்காக நிறை நிறமாலைமானிக்கு வரிசையில் காத்திருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 5: தனித்தனி அளவுகளைக் காட்டிலும் குளூட்டமின்–குளூட்டமேட் விகிதத்தைப் பாருங்கள். அது குறைந்தால் ஆஸ்ட்ரோசைட்டின் குளூட்டமின் சிந்தெடேஸ் நொதியை ஐயுறலாம்; உறுதிப்படுத்த நொதியையே அளக்க வேண்டும். குளூட்டமேட் நரம்புச் செய்தி கடத்தி மட்டுமன்று, செல்லின் ஆற்றல் உற்பத்திக்கான கிரெப்ஸ் சுழற்சியோடும் பிணைந்தது. எனவே அரைத்த திசுவின் மொத்த அளவைக் கொண்டு நரம்பிணைப்பில் நடப்பதைச் சொல்லிவிட முடியாது.

பிற்சேர்க்கை: புரோலின் தெரியவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது இரண்டாம் நிலை அமீன் ஆதலால் ஓ.பி.ஏ.யுடன் வினைபுரியாது, எப்.எம்.ஓ.சி. என்ற வேறொரு வினைப்பொருளைச் சேர்க்க வேண்டும். டி-செரினையும் இதே முறையில் அளக்கலாமா என்பது இன்னும் நல்ல கேள்வி. 3எக்ஸ்டிஜி என்ற இன்னோர் அல்சைமர் வகைச் சுண்டெலிகளில் ஆஸ்ட்ரோசைட்டுகளின் குளுக்கோஸ் பயன்பாடு தளர்வதால் எல்-செரின் உற்பத்தி குறைகிறது என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது, குளூட்டமேட்டை ஏற்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்குத் தேவையான டி-செரின் அதிலிருந்தே உருவாகிறது. மேற்சொன்ன முறையில் எல்-செரினும் டி-செரினும் ஒரே உச்சமாகவே விழும். பிரிக்க வேண்டுமானால் மெர்காப்டோஎத்தனாலுக்குப் பதிலாக என்-அசிட்டைல்-எல்-சிஸ்டீனைப் பயன்படுத்துங்கள். அப்போதும் கலக்கும் நேரம் மாறக் கூடாது.