இயற்கை வேளாண் நிலக் கணக்கு: எங்கே சறுக்குகிறோம்?

2022 முடிவில் உலகில் இயற்கை வேளாண் நிலம் 9.64 கோடி ஹெக்டேர். ஒரே ஆண்டில் 2 கோடி ஹெக்டேருக்கு மேல் கூடியிருந்தது. படித்ததும் உலகமே யூரியா மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டது போலத் தோன்றும். கூடியதில் ஏறக்குறைய 1.73 கோடி ஆஸ்திரேலியாவில் மட்டும். அங்குள்ள இயற்கை வேளாண் நிலத்தில் பெரும்பங்கு மாடும் ஆடும் மேயும் வறண்ட புல்வெளி. சுமார் 21 லட்சம் இந்தியாவில். மீதி நாடுகள் எல்லாம் சேர்ந்து கூட்டியது சொற்பம். எண்ணில் பிழை இல்லை, படிப்பதில்தான் பிழை.

இந்தக் கணக்கைச் சுவிட்சர்லாந்தின் ஃபிரிக் நகரில் இருக்கும் ஃபிபில் ஆய்வு நிறுவனமும் இயற்கை வேளாண் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஐஃபோமும் 2000 முதல் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகின்றன. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் தரவு. வயலில் இறங்கி யாரும் சங்கிலி பிடித்து அளப்பதில்லை. அமைச்சகம், பண்ணையைச் சோதித்து ‘இது இயற்கை முறைதான்’ என்று சான்று தரும் நிறுவனம், உழவர் அமைப்பு என்று ஆளுக்கொரு பக்கமிருந்து வரும் பட்டியல்களை ஒட்டுவதுதான் வேலை. ஒட்டும் இடத்தில்தான் தவறுகள்.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. நாம் பேச்சில் எல்லாவற்றையும் ‘இயற்கை விவசாயம்’ என்கிறோம். தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் அது ‘அங்கக வேளாண்மை’, இலங்கையில் ‘சேதன விவசாயம்’. ஆனால் உலகக் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் சான்று பெற்ற நிலமும், சான்றுக்காக மாறிக்கொண்டிருக்கும் நிலமும். உங்கள் தாத்தா கடைசிவரை உரக்கடைப் பக்கமே போகாதவராக இருக்கலாம். அவர் காணி இதில் வராது. 2021இல் இலங்கை செயற்கை உர இறக்குமதியைத் தடை செய்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. உரம் கிடைக்காமல் தவித்த வயல் எல்லாம் சான்று பெற்ற வயல் ஆகிவிடவில்லை. ‘முழுக்க இயற்கைக்கு மாறிய நாடு’ என்ற அறிவிப்பை எடுத்துப் பட்டியலில் போட்டிருந்தால் எவ்வளவு பெரிய பொய்யாகியிருக்கும்!

காட்டு நிலத்தையும் கவனிக்க வேண்டும். 2023-24இல் இந்தியாவில் சான்றுக்குள் இருந்த மொத்தப் பரப்பு சுமார் 73 லட்சம் ஹெக்டேர். அதில் சாகுபடி நிலம் 44.8 லட்சம். மீதி 28.5 லட்சம், தேன், மூலிகை போன்றவற்றைச் சேகரிக்கும் காடு. ஒருவர் 73 என்பார், இன்னொருவர் 45 என்பார், இருவரும் சரி. ஆனால் 73ஐ எடுத்து, காட்டைக் கணக்கில் சேர்க்காத ஒரு நாட்டோடு ஒப்பிட்டால் தப்பு.

அடுத்து அலகு. அமெரிக்க வேளாண் துறையின் 2021 கணக்கெடுப்பில் சான்று பெற்ற நிலம் சுமார் 49 லட்சம். ஏக்கர்! அதை ஹெக்டேர் என்று நினைத்துப் பதிந்தால் அமெரிக்கா இந்தியாவின் சாகுபடி நிலமான 44.8 லட்சத்தைத் தாண்டிவிடும். உண்மையில் அது 20 லட்சம் ஹெக்டேர்தான். சீனாவில் மூ (15 மூ ஒரு ஹெக்டேர்), தாய்லாந்தில் ராய், எகிப்தில் ஃபெத்தான் என்று ஊருக்கு ஊர் மாறும். அலகைவிட மோசமானது புள்ளி. ஜெர்மன் பழக்கத்தில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. நம் எக்செல் அதை ஒன்றேகால் என்று வாங்கிக்கொண்டு கமுக்கமாக இருக்கும். நானே ஒருமுறை ஒரு மாவட்டத்தின் திராட்சைத் தோட்டம் முழுவதையும் மூன்று ஏக்கராகச் சுருக்கிவிட்டு, கூட்டுத்தொகை ஏன் ஒத்துப்போகவில்லை என்று அரை நாள் தேடியிருக்கிறேன். அதிலிருந்து, வரும் கோப்பை முதலில் எழுத்தாகத்தான் திறப்பது, எண்ணாக மாற்றுவது அப்புறம்தான்.

இரட்டைக் கணக்கு கண்ணுக்கே தெரியாது. ஏற்றுமதி செய்யும் பண்ணை ஐரோப்பாவுக்கு ஒரு சான்று, அமெரிக்காவுக்கு ஒரு சான்று வைத்திருக்கும். இரண்டு நிறுவனங்களும் அதே நிலத்தைத் தத்தம் பட்டியலில் காட்டும். கூட்டினால் வயல் இரட்டிப்பாகிவிடும். சர்வே எண்ணோ பதிவு எண்ணோ இல்லாமல் வெறும் மொத்தத்தை மட்டும் வாங்கினால் இதைப் பிடிக்க வழியே இல்லை. இன்னொன்று நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பது. பயிர்வாரிப் பரப்பைக் கூட்டினால் நிலத்தைவிடப் பெரிதாக வரும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உழவர் எண்ணிக்கையில் நேர்மாறு. இந்தியாவில் உழவர்கள் சேர்ந்து வாங்கும் ஒரு குழுச் சான்றுக்குள் 25 முதல் 500 பேர் வரை இருக்கலாம். சான்றிதழை எண்ணினால் ஒன்று, ஆளை எண்ணினால் ஐந்நூறு. 2023இல் உலகின் 43 லட்சம் இயற்கை உழவர்களில் சுமார் 24 லட்சம் பேர் இந்தியர் என்பது ஆளை எண்ணியதால் வந்த கணக்கு.

மாறுகாலமும் உண்டு. ரசாயனத்தை விட்ட நிலம் முழுச் சான்றுக்காக, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு என்று காத்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் அதையும் மொத்தத்தில் சேர்க்கிறது, எல்லா நாடும் அப்படிச் செய்வதில்லை. தனி நெடுவரிசை வைத்தால் தீர்ந்தது.

ஒரு நாடு பதில் அனுப்பவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் 0 போடாதீர்கள். 0 என்பது ‘நிலம் இல்லை’ என்ற பதில், வெற்றுக் கட்டம் என்பது ‘பதில் இல்லை’. பழைய ஆண்டின் எண்ணையே நீட்டிப்பது வழக்கம்தான், ஆனால் நீட்டித்தது என்று குறிப்பு எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து ஆண்டாக அசையாத அந்த எண்ணைப் பார்த்து யாரோ ‘வளர்ச்சி தேக்கம்’ என்று கட்டுரை எழுதிவிடுவார்.

திருத்தத்துக்கு வருவோம். 2021க்கான உலகப் பரப்பு முதலில் 7.64 கோடி ஹெக்டேர் என்று அச்சானது. அடுத்த ஆண்டு ஏட்டில் 2022க்கு 9.64 கோடி, உயர்வு 2.03 கோடி. கழித்துப் பாருங்கள், 7.61 வரும். யாரும் கூட்டல் தெரியாமல் எழுதவில்லை. இடையில் தாமதமாக வந்த தகவல்களால் பழைய ஆண்டு திருத்தப்பட்டிருக்கும். அதனால் பழைய ஏட்டிலிருந்து ஒன்றும் புதிய ஏட்டிலிருந்து ஒன்றும் எடுத்து வளர்ச்சி விகிதம் போடாதீர்கள். தொடர் முழுவதையும் கடைசி வெளியீட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

நீங்களே திருத்துபவர் என்றால் பழைய எண்ணை அழிக்காதீர்கள். பக்கத்தில் புதியது, தேதி, சொன்னது யார், காரணம். நான்கு கட்டம் போதும். ‘நம்ப முடியவில்லை’ என்பது காரணம் ஆகாது. ஆஸ்திரேலியா 3.57 கோடியிலிருந்து 5.3 கோடிக்குத் தாவியபோது எந்தச் சரிபார்ப்பாளருக்கும் கை துறுதுறுத்திருக்கும், ஏதோ தட்டச்சுப் பிழை என்று. பழைய எண்ணையே திரும்பப் போட்டிருந்தால் அந்த 1.73 கோடி ஹெக்டேர் ஒரு எண்டர் பொத்தானில் காணாமல் போயிருக்கும்.